தராசில் நிற்காத கல்

1

இந்தக் கதை என்னிடம் முகவரி மாறி வந்தது. அழகுக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். நான் குடியிருக்கும் கட்டடத்தின் தரைத்தளத்தில் ஒரு கனிமப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. அவர்களுக்கு வரவேண்டிய பார்சலைக் கூரியர்காரர் என் கதவருகே வைத்துவிட்டுப் போய்விட்டார். கனம் கையை இழுத்தது. மூச்சு வாங்கக் கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கே வேலை பார்க்கும் பெண்மணி, "உட்காருங்க சார், இவ்வளவு தூக்கிட்டு வந்திருக்கீங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். பெயர் தெரியாத கல்லுக்கு எப்படிப் பெயர் கண்டுபிடிக்கிறீர்கள் என்று சும்மா கேட்டு வைத்தேன். பத்து நிமிடம் சொன்னார். பிறகு அவருக்குப் போன் வந்தது. நான் மாடிக்கு வந்துவிட்டேன்.

என்னிடம் யாரும் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் பேசி வெகுநாள் ஆகிறது. மறுபடி கீழே போக என்னிடம் கல் எதுவும் இல்லை. ஆகவே ஒரு கல்லை உண்டாக்கினேன், அதைத் தூக்கிக்கொண்டு போக ஓர் ஆளையும் உண்டாக்கினேன். இதில் உயர்ந்த நோக்கம் ஏதாவது இருக்கும் என்று நம்பி வந்தவர்கள் இந்த நிறுத்தத்திலேயே இறங்கிக்கொள்ளலாம்.

2

முதல் தொடக்கம்: "பூமியின் ஆழத்தில் கோடானுகோடி ஆண்டுகள் உறங்கிக் கிடந்த அந்தக் கல்..."

[வேண்டாம். பாடப்புத்தக வாடை அடிக்கிறது.]

இரண்டாம் தொடக்கம்: "அவளும் ஒரு கல்லைப் போலத் தனித்து..."

[இதை எழுதிய கையை என்ன செய்யலாம்?]

மூன்றாவது. இதை வைத்துக்கொள்வோம்:

ஒரு மனிதர் கைக்குட்டையில் முடிந்த கல்லோடு பரிசோதனைக் கூடத்துக்கு வந்தார்.

அவரைக் கல்காரர் என்று அழைக்கிறேன். அங்கே தனியாக வேலை பார்ப்பவள் தராசுக்காரி. (கீழே இருக்கும் பெண்மணிக்கும் இவளுக்கும் சம்பந்தமில்லை. மூக்குக்கண்ணாடி மட்டும் அவருடையது.) தராசுக்காரிக்கு ஒரு பழக்கம். தராசு காட்டும் எண்களை வாய்விட்டுச் சொல்வாள். அறையில் கேட்க யாரும் கிடையாது. ஏதோ ஒரு குரல் இருக்கட்டுமே என்றுதான்.

கல் முட்டை அளவு. மங்கிய வெள்ளை, உள்ளே லேசாக ரோஜா நிறம். கைபட்டுக் கைபட்டு அழுக்கேறியிருந்தது. ஒரு பக்கத்தில் வழவழவென்று சின்னக் குழி.

"என் வீட்டுக்காரி வெச்சிருந்தது" என்றார் கல்காரர். "கட்டில் பக்கத்துலயே இருக்கும். எங்க கிடைச்சுது, யார் குடுத்தாங்க, ஒண்ணும் நான் கேட்டதில்ல. இப்பக் கேக்க ஆளில்ல."

"என்ன கல்லுன்னு தெரிஞ்சா போதுமா சார்?"

"அது தெரிஞ்சா ஏன் வெச்சிருந்தான்னும் தெரிஞ்சிடும்ல? அவளப் பத்தி எனக்குத் தெரியாதது இது ஒண்ணுதான் மேடம்."

"பார்த்துடலாம். கொஞ்சம் கீறிப் பார்க்கணும், ஒரு துளி ஆசிட்..."

அவர் கல்லைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "கீறக் கூடாது. உடைக்கக் கூடாது. ஆசிட் பேச்சே வேண்டாம். இந்தக் குழி பாருங்க, அவ கட்டைவிரல் தேச்சுத் தேச்சு வந்தது. தினம் என் விரல இதுல வெச்சாத்தான் எனக்குத் தூக்கம் வருது."

"சரி சார். சேதாரம் இல்லாமப் பார்க்கறேன்."

"மழைக்காலத்துல இது அழும் மேடம்."

தராசுக்காரி தலையசைத்தாள். இந்த மாதிரிப் பேச்சுக்கு வேறென்ன செய்வது? உப்பு பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் வேண்டாமென்று கையாட்டினார்.

"அவளுக்கு உப்பு ஆகாதுன்னு டாக்டர் சொன்னாரு. அன்னிக்கே ஜாடியத் தூக்கிப் பக்கத்து வீட்டுல குடுத்துட்டேன். அவளுக்கு இல்லாதது எனக்கு மட்டும் எதுக்கு? சமையல் நான்தான். ரெண்டு பேரும் ஒண்ணாவே விட்டுட்டோம்."

"இப்பவுமா?"

"இப்பவும்தான்."

3

இவர்மேல் எனக்கு அவ்வளவாக நம்பிக்கையில்லை. மனைவியைப் பற்றித் தெரியாதது ஒன்றே ஒன்றுதான் என்று சொல்லும் கணவரை நீங்கள் நம்புவீர்களா? கொஞ்சம் கோபக்காரராக மாற்றிப் பார்த்தேன். ஒரு பத்தி முழுக்கக் கத்தினார். [அடித்துவிட்டேன்.] கஞ்சனாக மாற்றிப் பார்த்தேன். பரிசோதனைக் கட்டணத்துக்குப் பேரம் பேசினார், எனக்கே சங்கடமாகிவிட்டது. [அதையும் அடித்தேன்.] கடைசியில் முதலில் வந்தவரையே கூப்பிட்டு உட்காரவைத்தேன். கைக்குட்டையை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "இன்னிக்கு ஒரு ராத்திரி தூங்காம இருந்துக்கறேன், நாளைக்கு வரேன்" என்று எழுந்தார். நல்லவர்தான் போலிருக்கிறது. நல்லவர்களை எழுதுவது பெரிய தொல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்த இடம் வரைக்கும் அது என்ன கல் என்று எனக்கும் தெரியாது.

4

கீறக் கூடாது, உடைக்கக் கூடாது, ஆசிட் கூடாது. மிச்சமிருப்பதில் மிகவும் சாதுவான சோதனை ஒன்று உண்டு. கல்லை முதலில் உலர்ந்தபடி எடை பார்ப்பார்கள். பிறகு மெல்லிய கம்பியில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு மறுபடி எடை பார்ப்பார்கள். இரண்டு எடைகளையும் வைத்துக் கல்லின் அடர்த்தியைக் கணக்கிட்டால், இன்ன கல்லாக இருக்கலாம் என்று பட்டியல் சுருங்கிவிடும். கல்லுக்கு நோகவே நோகாது. கீழே இருக்கும் பெண்மணி இதைச் சொன்னபோது, குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர் போலக் கையை வைத்துக் காட்டினார்.*

தராசுக்காரி கல்லைக் கட்டித் தண்ணீரில் இறக்கினாள். எண் வந்தது, வாய்விட்டுச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் கடைசி இலக்கம் ஒன்று குறைந்தது. அதையும் சொன்னாள். மறுபடி குறைந்தது.

எண் நிற்கவில்லை.

மின்விசிறிக் காற்றாக இருக்கும் என்று விசிறியை நிறுத்தினாள். ஜன்னலைச் சாத்தினாள். தெருவில் உறுமிக்கொண்டு நின்ற லாரிக்காரரிடம் போய், "அண்ணா, கொஞ்ச நேரம் வண்டிய அணைச்சு வைங்க, என் தராசு ஆடுது" என்று கேட்டுவிட்டு வந்தாள். தராசின் மட்டத்தைச் சரிசெய்தாள். அணைத்துப் போட்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். எண் தன்பாட்டுக்கு இறங்கிக்கொண்டே இருந்தது. தராசு பழுது என்று முடிவுகட்டி, பழுது பார்ப்பவருக்குப் போன் போட்டாள். அவர் எடுக்கவில்லை.

இவ்வளவு நேரமும் கல் தண்ணீரில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

வேறு வேலையில் இருக்கும் ஒருவர் கல்லைத்தான் முதலில் சந்தேகப்பட்டிருப்பார். இவர்கள் தராசைச் சந்தேகப்படுவார்கள். தொழில் அப்படி. போனை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தபோதுதான், தண்ணீருக்குள் கல்லின் அடியிலிருந்து நூல் நூலாக ஏதோ நெளிந்து இறங்குவது தெரிந்தது.

* வெளியே மலை, சுரங்கம் என்று சுற்றுகிறவர்கள் கல்லை நாக்கில் வைத்தே பல கற்களைக் கண்டுபிடிப்பார்களாம். கூடத்துக்குள் அதற்குத் தடை, சில கற்களில் விஷம் உண்டு. "எனக்கு மட்டும் நக்கிப் பார்க்கணும்னு நாக்கு பரபரக்கும்" என்று சொல்லிவிட்டுக் கீழே இருக்கும் பெண்மணி சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கதையில் எங்கே வைப்பது என்று தெரியாமல் இங்கே வைத்திருக்கிறேன்.

5

வெளியே எடுத்துத் துடைத்தாள். விளிம்புகள் மழுங்கியிருந்தன. விதியை மீறி, ஈர விரலை நாக்கில் வைத்தாள்.

"உப்பு" என்று அந்த வெற்று அறையில் வாய்விட்டுச் சொன்னாள்.

பாறை உப்பு. பூமிக்கடியில் கல்லாகிக் கிடக்கும் அதே சமையல் உப்பு. கண்டுபிடித்த சந்தோஷம் அவளுக்கு வந்தது, மறைப்பானேன். மழைக்காலத்தில் அழும் என்று அவர் சொன்னது துக்கத்தில் சொன்ன பேச்சல்ல, கண்ணால் கண்டதைச் சொன்னார். காற்றில் ஈரம் ஏறினால் உப்பு கசியும். வந்த அன்றே பதிலை அவள் கையில் கொடுத்துவிட்டார். அவள் அவருக்காக இரக்கப்பட்டுக்கொண்டிருந்ததால் அது காதில் ஏறவில்லை.

(என் காதிலும் ஏறவில்லை. அந்த வரியை நான் எழுதியது, சத்தியமாக, உங்கள் மனதை உருக்குவதற்காகத்தான்.)

பிறகு அவள் குழியைப் பார்த்தாள். பாதி அழிந்திருந்தது. உலர்ந்த கட்டைவிரல் உப்பில் அப்படி வழவழவென்று குழி பறிக்காது. ஈரமான ஏதோ ஒன்று, கொஞ்சம் கொஞ்சமாக, பல வருடங்களாக அந்த ஒரே இடத்தில் பட்டிருக்க வேண்டும். அவளுக்கு பிஸ்கட் தட்டு ஞாபகம் வந்தது. பக்கத்து வீட்டுக்குப் போன ஜாடி ஞாபகம் வந்தது. அவர் குளிக்கப் போயிருக்கும் நேரத்தில், அந்த அம்மாள் கட்டிலில் தனியாக உட்கார்ந்து...

[இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.]

குழி முழுசாக இருந்திருந்தால் அதில் மெழுகை ஊற்றி அளந்து, எவ்வளவு உப்பு போயிருக்கிறது என்று தராசுக்காரி கணக்குப் போட்டிருப்பாள். "கொஞ்சம்தான் சார், அதனால ஒண்ணும் ஆகியிருக்காது" என்றாவது சொல்லலாம். இனி அதற்கும் வழியில்லை. ஒரு சிட்டிகையா, நாலு கரண்டியா என்று யாராலும் சொல்ல முடியாது. அளவு தண்ணீரோடு போய்விட்டது.

6

முடிவுகள்.

ஒன்று: "ஏதோ படிகக் கல் சார், விசேஷமா ஒண்ணுமில்ல" என்கிறாள். அவர் வாங்கிக்கொள்கிறார். அவருடைய கட்டைவிரல் பழக்கத்தில் குழியைத் தேடிப் போகிறது, போய்...

[பொய் அங்கேயே பிடிபட்டுவிடும்.]

இரண்டு: உண்மையைச் சொல்கிறாள். அவர் திகைத்துப்போய், பிறகு "அடி கள்ளி!" என்று விழுந்து விழுந்து சிரிக்கிறார். போகிற வழியில் கடையில் ஒரு பாக்கெட் உப்பு வாங்குகிறார். இதை எழுதும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது. எதிரே ஆளில்லாமல் தினம் சாப்பிடுகிறவன் ஒருவனுக்கு இந்தச் சிரிப்பு வேண்டியிருக்கிறது. அது கல்காரர் இல்லை, நான்.

மூன்று: உண்மையைச் சொல்கிறாள். "அப்ப அவ ஆசைப்பட்டதக் குடுக்காம நான்தான்..." என்று தொடங்குகிறார். அல்லது, "அப்ப அவ போனது இதனாலதானா..." என்று.

[இரண்டையும் முடிக்க எனக்குத் தெம்பில்லை.]

வேறு வழியில்லாமல் இன்று கீழே போனேன். கதையை இதுவரைக்கும் சொல்லி, நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். அந்தப் பெண்மணி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"முதல்ல நான் தண்ணியிலயே போட்டிருக்க மாட்டேன். அழுக்குக் கல்லு, கசியும்னு வேற சொல்றாரு. எண்ணெயில தொங்கவிட்டிருப்பேன்" என்றார். பிறகு கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். "கல்லோட பேர மட்டும் சொல்லிட்டு நிறுத்திக்கலாம்தான். ஆனா அவரு..."

அப்போது போன் வந்தது. சற்று நேரம் நின்று பார்த்தேன். பேச்சு முடிகிற மாதிரி தெரியவில்லை. மாடிக்கு வந்துவிட்டேன்.

7

ஆகவே உங்கள் தலையில் கட்டுகிறேன்.

கல்காரர் வந்துவிட்டார். தராசுக்காரியை நான் தேநீர் போட உள்ளே அனுப்பிவிட்டேன். அவளுடைய நாற்காலியில் இப்போது நீங்கள்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். கல் உங்கள் முன்னால் ஒரு துணியில் சுற்றி இருக்கிறது. அவர் இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை. நேற்று உங்களைத் தனியாகப் பார்த்தது அவருக்கு என்னவோ போலிருந்ததாம். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, பாதியை மூடியில் எடுத்துவைத்து உங்கள் பக்கம் நகர்த்துகிறார். எதிரே ஒருவர் உட்கார்ந்து அவர் சாப்பிட்டு எத்தனையோ நாளாகிறது.

"உங்களுக்கும் சேர்த்துத்தான் கொண்டாந்தேன். உப்பு இருக்காது, கோச்சுக்காதீங்க" என்கிறார். நீங்கள் ஒரு வாய் எடுத்து வைக்கும்வரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்கிறார்:

"இப்பச் சொல்லுங்க. என்ன கல்லு அது?"