அலமாரிச் சாவி அண்ணனிடம்

பல் டாக்டர் அந்தச் சுருட்டுப் பெட்டியைக் கல்லா மேசையில் வைத்த விதத்திலேயே ஏதோ புகார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் கடையின் பழைய வாடிக்கையாளர், எப்போதும் சிரித்துக்கொண்டே வருகிறவர். அன்று முகம் உர்ரென்று இருந்தது.

"ஒரே கசப்பும்மா. ஏதோ மருந்தக் குடிச்ச மாதிரி இருக்கு. வாயக் கொப்பளிச்சாலும் போகல" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் பின்னறையிலிருந்து வந்துவிட்டான். எங்கே வம்பு நடந்தாலும் அவனுக்கு மூக்கில் வேர்த்துவிடும். பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துப் பற்றவைத்து, குபுகுபுவென்று புகைவிட்டான். சுருட்டை அப்படி அவசரமாக இழுத்தால் சூடேறி, நல்ல சரக்கே கசக்கும். அது எனக்கே தெரியும். ஆனால் அவனிடம் சொல்லி யார் வாங்கிக் கட்டிக்கொள்வது?

கடைக்கு முதல் போட்டவன் அண்ணன். கல்லாவில் இருப்பது நான். சரக்கைப் பாதுகாப்பது என் வீட்டுக்காரர். பின்னறையில் தேவதாரு மரத்தால் செய்த பெரிய அலமாரி இருக்கிறது. உள்ளே ஒரு தண்ணீர்த் தட்டும் ஈரத்தைக் காட்டும் மீட்டரும் உண்டு. ஈரம் குறைந்தால் சுருட்டு காய்ந்துவிடும், கூடினால் பூசணம் பிடிக்கும். அதனால் கைக்குழந்தையைப் பார்ப்பது போல அவர் அதைப் பார்த்துக்கொள்வார். அவசியமில்லாமல் கதவைத் திறந்தால் எனக்கும் திட்டு விழும்.

டாக்டர் போனதும் அண்ணன் குரலைத் தாழ்த்தினான்.

"பாப்பா, மாப்ள ஏதோ பண்றாரு." எனக்கு நாற்பது வயதானாலும் அவனுக்கு நான் பாப்பாதான். "உசந்த சுருட்டுல இருக்கற காகித வளையத்த உருவி மட்டமானதுல மாட்டிடறாரு. நல்லத வெளிய வித்துடறாரு. நீ கொஞ்சம் கண்ணு வச்சுக்க. நெசம்னு தெரிஞ்சுது, தங்கச்சி புருஷன்னுகூடப் பாக்க மாட்டேன். கடைய விட்டு அனுப்பிடுவேன்."

"உனக்கென்ன பைத்தியமா?" என்று கத்தினேன். கத்தினேனே தவிர, மனசு அடங்கவில்லை. மனிதர் கொஞ்ச நாளாக வீட்டுக்குத் தாமதமாக வருகிறார். கேட்டால், "சும்மா நடந்துட்டு வரேன்" என்கிறார். இத்தனை வருஷத்தில் தெருமுனைக்குக்கூட நடக்காத ஆள்!

மறுநாளே அண்ணன் அலமாரிக்குப் புதுப் பூட்டு போட்டான். "திருட்டு பயம் மாப்ள" என்று மென்று விழுங்கியபடி சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டான். அவர் பூட்டை ஒரு பார்வை பார்த்தார். "தட்டுல தண்ணி மட்டும் பாத்துக்கங்க மச்சான்" என்றார். அண்ணன் தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

அதற்கப்புறம் அண்ணனுக்கு அந்த அலமாரிதான் கதி. கதவை ஆவென்று திறந்துபோட்டு, ஒவ்வொரு சுருட்டாக எடுத்து, வளையத்தில் புதுப் பசை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பான். மோந்து பார்ப்பான். வைத்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடியும் திறப்பான்.

நான் மட்டும் ஒழுங்கா? அவர் குளிக்கப் போனதும் பையைத் துழாவினேன். சட்டையை மோந்தேன். சுருட்டுக் கடையில் வேலை செய்கிறவரின் சட்டையில் சுருட்டு வாசனைதானே வரும், மல்லிகையா வரும்? ஒரு சாயங்காலம் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு பின்னாலேயே போனேன். பூங்காவுக்குள் நுழைந்தார். செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி நடந்தார். யாரையும் பார்க்கவில்லை, எதையும் கொடுக்கவில்லை. எனக்குத்தான் கால் வலித்தது. வந்து அண்ணனிடம், "ஒண்ணுமே இல்லடா" என்றேன். "உஷாராயிட்டாரு" என்றான்.

இதற்குள் மற்ற வாடிக்கையாளர்களும் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். தொட்டால் மேல் இலை வெடிக்கிறதாம், வைக்கோல் மாதிரி எரிகிறதாம், நாக்கு சுடுகிறதாம். "பாத்தியா, எல்லாத்தையும் மாத்திட்டாரு!" என்று குதித்தான் அண்ணன். மாசம் முடிந்ததும் கணக்கைத் தீர்த்து அனுப்பிவிடப் போவதாகச் சொன்னான். எனக்கு அழுகை வந்தது. அண்ணனையும் விட முடியாது, அவரையும் விட முடியாது.

அந்தக் கவலையோடு கடைவாய்ப் பல்லும் வலிக்க ஆரம்பித்தது. பல் டாக்டரிடமே போனேன். அவர் கிராம்புத் தைலம் எடுக்க இழுப்பறையைத் திறந்தார். தைலப் புட்டிக்கும் ஸ்பிரிட் பஞ்சுக்கும் நடுவே எங்கள் கடைச் சுருட்டுகள் படுத்திருந்தன. வாய் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டு, "ஊ... ஊ..." என்று கையைக் காட்டினேன்.

"வீட்டம்மாவுக்குத் தெரியக்கூடாதுன்னு எப்பவும் இங்கதான் வைப்பேன். புட்டி மூடி சரியில்ல, லேசா கசியுது" என்றார் சர்வசாதாரணமாக.

பஞ்சைத் துப்பினேன். "பக்கத்துல எது இருந்தாலும் சுருட்டு அத உறிஞ்சிக்கும் டாக்டர்! மருந்து வாடை வராம என்ன வரும்?"

வலியோடு கடைக்கு ஓடினேன். அண்ணனைத் தரதரவென்று இழுத்துப்போய் அலமாரியைத் திறக்கச் சொன்னேன். மீட்டர் முள் அடியில் கிடந்தது. தட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

"டாக்டரோடது கிராம்புத் தைலம். மத்ததெல்லாம் நீ திறந்து திறந்து காய விட்டது. யாரும் எதையும் மாத்தல!" என்று கத்தினேன். என் வீட்டுக்காரர் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணனுக்கு முகம் சுண்டிப்போனது. அசடு வழிய அவர் கையில் சாவியைத் திணித்தான். "மனசுல வச்சுக்காதீங்க மாப்ள. பாப்பா அன்னைக்கே சொன்னா. உங்க பையெல்லாம் துழாவி, சட்டைய மோந்து, பூங்கா வரைக்கும் பின்னாடியே வந்து பாத்துட்டு, ஒண்ணுமே இல்லன்னு சொன்னா. நான்தான் நம்பல."

பாவி, எனக்கு நற்சான்றிதழ் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு சொன்னான்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றப் போனார்.

அன்று சாயங்காலம் பூங்காவுக்குப் போகாமல் நேராக வீட்டுக்கு வந்தார். சாப்பாட்டு மேசையில் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். அப்புறம் ஒவ்வொரு பாக்கெட்டாக வெளியே இழுத்துவிட்டார். கைக்குட்டை, சீப்பு, மூக்குக்கண்ணாடி, பாதி தின்ற மிட்டாய்.

"பாத்துக்கோ" என்றார். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை கத்தி அழுது தீர்த்திருப்பேன்.

"என்னங்க இது..." என்றேன்.

நான் பார்த்து முடிப்பதற்காக அவர் கைகளை விரித்தபடி நின்றுகொண்டிருந்தார்.