மாட்டுக்குப் போட்ட தகரம்

பிச்சைமுத்து கங்காணி தோட்டத்து வேலையை விட்டதும் மலாயாவில் செமோர் ஊருக்கு அப்பால் ஒரு குன்றை வாங்கினார். பாதி ரப்பர், பாதி லாலான் புல். அடிவாரத்தில் நல்ல சமநிலம், பக்கத்திலேயே ஓர் ஆறு. புத்தியுள்ளவன் அங்கேதான் வீடு கட்டுவான். கங்காணி உச்சியில் கட்டினார். எதிர்க் குன்றில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களா இருந்தது. அதன் முகட்டைவிடத் தம் வீட்டு முகடு ஒரு முழமாவது உயர்ந்திருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. உயர்ந்துவிட்டது. தண்ணீர்தான் அந்த ஆசையில் பங்கு கொள்ளாமல் கீழேயே ஓடிக்கொண்டிருந்தது.

கூரையிலும் அவர் மனம் தளரவில்லை. தோட்டத்துக் கூலிகள் குடியிருந்த லயங்களுக்கெல்லாம் தகரம், துரை பங்களாவுக்கு மட்டும் அத்தாப்பு ஓலை. ஆகவே இவருக்கும் அத்தாப்பு, அதுவும் இரட்டை அடுக்கு. தகரம் கூலிக்காரன் தலைக்கு மேலே இருக்கவேண்டிய பொருள் என்று, தகரத்துக்குக் கீழேயே நரைத்த தலையைத் தடவிக்கொண்டு சொன்னார்.

அவர் மனைவி வீரம்மா தோளில் சுமக்கும் காண்டாக் கம்பில் இரண்டு மண்ணெண்ணெய் டின்களைக் கட்டித் தொங்கவிட்டு, ஆற்றுக்கும் உச்சிக்கும் ஏறி இறங்கினாள். ஆறும் ஒழுங்கான ஆறு இல்லை. மேலே ஈயச் சுரங்கத்துக்காரர்கள் மண் கழுவிய தண்ணீர் அது; சோறு வடித்தால் சோறு செம்மண் நிறத்தில் வந்தது. அத்தாப்பிலிருந்து வழிந்த மழைத் தண்ணீரைப் பிடித்துப் பார்த்தாள். காப்பி நிறம், எலி வாசம், நடுவில் ஒரு பூரான்.

அன்றைக்கே துணி மூட்டையைக் கட்டிவிட்டாள்.

"லயத்துல கூலிக்காரன் பொண்டாட்டியா இருந்தப்ப வாசல்லயே பைப்பு. முதலாளியம்மா ஆனப்புறம் மலையேறித் தண்ணி சுமக்கணுமா? அடுப்படியில நல்ல தண்ணி வந்தா சொல்லியனுப்புங்க, வாரேன்" என்று சொல்லிவிட்டு, சிலிபினில் ரயில்வே வேலையாக இருந்த தம்பி ஐயாவு வீட்டுக்குப் போய்விட்டாள்.

கங்காணி விரல் விட்டு நாள் எண்ணினார். வைகாசியில் நாள் பார்த்து, புதுவீட்டில் பால் காய்ச்ச ஊரையே அழைத்தாகிவிட்டது. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி கார்த்திகேசு வருகிறார். வீட்டுக்காரி இல்லாமல் பால் காய்ச்சினால், கங்காணி கட்டியது வீடா சாவடியா என்று கேட்பார்கள்.

முதலில் சன்னாசியைக் கூப்பிட்டார். சன்னாசி பூமியில் காது வைத்துத் தண்ணீர் பார்ப்பவர். உச்சியில் குப்புறப் படுத்து நெடுநேரம் கேட்டார். ஒரு கட்டத்தில் குறட்டையும் விட்டார். எழுந்து, தண்ணீர் இருக்கிறது, ஆனால் கொஞ்சம் கூச்சப்படுகிறது என்றார். அவர் காட்டிய இடத்தில் தோண்டினார்கள். இடுப்பளவு ஆழத்தில் பாறை வந்தது. அந்தப் பாறைக்குக் கூச்சமே இல்லை, எங்கே தோண்டினாலும் வந்தது.

பிறகு ஈப்போவுக்குப் போய்ச் சிவப்புச் சாயம் பூசிய கைப்பம்பு ஒன்றை வாங்கி வந்தார். அதை உச்சியில் நட்டு, ஆறு வரைக்கும் குழாய் இறக்கினார். நான்கு ஆட்கள் மாறி மாறி அடித்தார்கள். பம்பு பெருமூச்சு விட்டது, விக்கியது, ஒரு தடவை ஏப்பம்கூட விட்டது, தண்ணீர் விடவில்லை. அதற்கென்ன, பார்க்க லட்சணமாய் இருந்தது. கங்காணி அதற்குப் பொட்டு வைத்து வாசலிலேயே நிறுத்திக்கொண்டார்.

பால் காய்ச்சப் பால் வேண்டுமே என்று ஒரு பசுவையும் வாங்கினார். மாட்டுக்கு அத்தாப்பு எதற்கு? நாலு கழியை நட்டு மேலே தகரத்தைப் போட்டாயிற்று.

ஒரு மத்தியானம் மழை பிடித்தது. கங்காணி வாசலில் நின்று பார்த்தார். அவர் கூரையிலிருந்து காப்பி கொட்டிக்கொண்டிருந்தது. மாட்டுக் கொட்டகைத் தகரத்தின் ஓரத்திலிருந்து வாளிக்குள் கண்ணாடிபோல் தண்ணீர் விழுந்தது. பசு வாளிக்குள் மூக்கை விட்டு உறிஞ்சிவிட்டு, திருப்தியாக அவரை ஒரு பார்வை பார்த்தது.

கங்காணி இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். துரை பங்களாப் பக்கமும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு மழையில் ஓடிப்போய், தகரத்தடியில் இரண்டு கையையும் ஏந்திக் குடித்தார். மறுபடி ஏந்தினார்.

மறுநாளிலிருந்து கொட்டகை வளர ஆரம்பித்தது. மாட்டுக்குக் காற்று வேண்டும் என்று கொஞ்சம் நீட்டினார். மாடு திரும்பிப் படுக்க வேண்டும் என்று அகலப்படுத்தினார். பிளந்த மூங்கிலை ஓரமாகக் கட்டி, தண்ணீரைச் சீனச் சாடிகளுக்குத் திருப்பினார். மழையின் முதல் தண்ணீர் தூசியோடு வருமென்பதால், அப்போது மட்டும் மூங்கிலைப் புல்லுக்குத் தள்ளிவிடுவார். அப்புறம் வருவது கூழாங்கல், மணல், அடுப்புக்கரி என்று அடுக்கிய சாடி வழியாக இறங்கி, வெள்ளைத் துணியில் வடிந்தது.

எட்டிப் பார்க்க வந்த ஐயாவு அசந்து நின்றான்.

"என்ன மச்சான், ஒரு மாடா, ஒரு மந்தையா?"

"வாங்கினது ஒண்ணுதான். அது பெருகும்லா."

ஐயாவு ஒரு சொம்பு குடித்துப் பார்த்துவிட்டு, வாயைத் திறக்காமல் சிலிபினுக்குப் போனான். அங்கே திறந்தான் போலிருக்கிறது. பால் காய்ச்சுகிற அன்று காலையில் வீரம்மா மூட்டையோடு வந்து இறங்கினாள். நேராகச் சாடிக்குப் போனாள், குடித்தாள், மேலே தகரத்தைப் பார்த்தாள், மூங்கிலைப் பார்த்தாள்.

"எந்தத் தண்ணிங்க இது?"

"மலைத் தண்ணி."

"மாட்டுத் தண்ணின்னு சொல்லுங்க. தகரம் ஆகாதுன்னு நீங்கதானே குதிச்சீங்க?"

"மாட்டுக்கு ஆகும்" என்றார் கங்காணி கம்பீரமாக.

வீரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு கேத்தலில் தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். அதில் போட்ட தேநீர் தேநீர் நிறத்திலேயே இருந்தது. மூட்டையை அவிழ்த்தாள். கங்காணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கொட்டகையைக் கழுவிவிட்டு, பசுவைப் பின்சரிவில் மேயக் கட்டியிருந்தார்கள். விருந்தாளிகள் குன்று ஏறி வந்தார்கள். முன்னால் கார்த்திகேசு கிராணி, கோட்டும் குடையுமாக மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். உச்சியில் நீளமாய், பளபளவென்று ஒரு கட்டடம். அதன் பக்கத்தில் சின்னதாய் ஓர் அத்தாப்பு வீடு. கிராணி யோசிக்கவே இல்லை. கொட்டகை முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார். கூட்டமும் பின்னாலேயே போய் உட்கார்ந்தது.

"விசாலமான வீடு, கங்காணியார். அது யாருக்கு, அந்த ஓலை வீடு?"

கங்காணி வாயைத் திறந்தார். உண்மையைச் சொன்னால் கிராணியை மாட்டுக் கொட்டகையில் உட்கார வைத்ததாகும். சொல்லாவிட்டால் தாம் தகரத்துக்குக் கீழே குடியிருப்பதாகும். வாசலில் வீரம்மா பால் பானையோடு நின்றாள்.

"அடுப்பை எங்கே வைக்கட்டுங்க? நல்ல நேரம் போவுது."

"இங்கயே வை" என்றார் கங்காணி. பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு கிராணி பக்கம் திரும்பினார். "அதுவா? அது மாட்டுக்கு."

கூட்டம் ஓலை வீட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. மாட்டுக்கே துரை பங்களா மாதிரி ஒரு வீடு கட்டியவன் இந்தக் கிந்தா வட்டாரத்தில் வேறு யார்? கிராணி எழுந்து கங்காணியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வீரம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதற்குள் பால் பொங்கிக் கிழக்கே வழிந்தது. எல்லோரும் நல்ல சகுனம் என்றார்கள்.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமல்லவா? சாப்பாட்டுக்கு முன்பே கங்காணி பசுவை அவிழ்த்து ஓட்டிக்கொண்டுபோய், இரட்டை அடுக்கு அத்தாப்பு வீட்டின் முன்கூடத்தில் கட்டினார். பசு நாலு பக்கமும் பார்த்தது. நிழல் குளுகுளுவென்று இருந்தது போலும், உடனே படுத்துவிட்டது.