சட்டைக் கையின் அளவு

சுவெட்டரின் வலது கையை மூன்றாவது தடவையாக அவிழ்த்தேன்.

தோளில் கண்ணி எடுத்துக் கீழ்நோக்கிப் பின்னுவது என் வழக்கம். கருநீலம் ஆறு வரிசை, சாம்பல் ஆறு வரிசை. எங்கே நிறுத்துவது என்பது கடைசியில்தான் தெரிய வேண்டும். என் கணவர் மொஹிதீன் இருந்தவரை அது ஒரு சிரமமில்லை. கடைக்குப் போகிற அவசரத்திலும் கையை நீட்டிக்கொண்டு நிற்பார். பண்டாரவளைக் குளிர் அவருக்கு மணிக்கட்டில்தான் முதலில் ஏறும். சுவெட்டரின் உடம்பு முடிந்த வாரம் அவர் மௌத்தானார்.

இது விதவை இருக்கவேண்டிய இத்தாவில் மூன்றாவது மாதம். நாலு மாதமும் பத்து நாளும் முடியும்வரை வெளியே போக முடியாது. அந்நிய ஆண்கள் கண்ணில் படக்கூடாது. நாற்பதாம் நாள் கத்தம் ஓதியதோடு அவர் உடுப்பெல்லாம் இல்லாதவர்களுக்குக் கொடுத்தாயிற்று. நானேதான் மடித்துக் கொடுத்தேன். அளவு மறந்துபோகும் என்று அப்போது நினைக்கவில்லை.

மறந்துவிட்டது. கண்ணை மூடினால் முகம் வருகிறது, இருமல்கூட வருகிறது. கை எங்கே முடிந்தது என்பது மட்டும் வரவில்லை. முப்பத்தொரு வருஷம் என்னத்தைப் பார்த்தேன்? கட்டிலுக்கும் அலுமாரிக்கும் இடையில் நடந்தேன். உட்கார்ந்தேன். மறுபடி நடந்தேன்.

அவருடைய தங்கை நளீரா தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

"நளீரா, ஒன்ட நானாட கை நீளமா, கட்டையா?"

"எல்லாருக்கும் போல ரெண்டு இருந்திச்சு."

"வெளையாடாத."

"நான் இல்ல மதினி, நீங்கதான் வெளையாடுறீங்க. மௌத்தானவருக்கு சுவெட்டர் பின்னுற பொம்புளைய நான் எங்கயும் கண்டதில்ல. என்ட மகன்ட அளவுக்கு முடிங்க, அவனாவது போடுவான்."

அவள் சொன்னதில் பிழையில்லை. அதுதான் என்னைக் குடைந்தது. போட ஆளில்லைதான். ஆனால் இன்னொருவர் கைக்கு முடித்தால் இதையும் மடித்துக் கொடுத்துவிட்டதாகவே ஆகும்.

அப்போது பின்வாசலில் சத்தம். "லீக்ஸ் இருக்கு, கேரட் இருக்குங்கம்மா!" தோட்டத்திலிருந்து செவ்வாய்தோறும் மரக்கறி கொண்டுவரும் கந்தப்பன். திரை இடுக்கால் பார்த்தேன். நீலக் கட்டம் போட்ட சட்டை. மொஹிதீனுடையது.

நளீராவின் தோளைப் பிடித்தேன். "ஓடு. அந்தச் சட்டைக் கைய அளந்து வா."

"அல்லாஹ்வே! ஆம்புளைட கையையா?"

"சட்டையத்தான். இந்தா, நூல்."

முணுமுணுத்துக்கொண்டே போனாள். "கந்தப்பன், கைய நீட்டுங்க. மதினிக்கு அளவு வேணுமாம்."

அவர் கூடையை இறக்கிவிட்டு, மருந்தூசிக்கு நீட்டுவதுபோல் கையை நீட்டினார். தோள் தையலிலிருந்து விளிம்புவரை நூலைப் பிடித்து நளீரா அறுத்தாள். சட்டைக் கை சரியாக அவர் மணிக்கட்டில் முடிந்தது. அது எப்படி? கந்தப்பன் மொஹிதீனின் தோளுக்குக்கூட எட்டாதவர்.

"ஒங்களுக்கே தச்ச மாதிரி இருக்கே," என்றாள் நளீரா.

"எங்க வீட்டுக்காரி பெரியாயி வெட்டித் தச்சுப்புட்டாங்க. மொதலாளி கை நீளமுங்களே. தொளதொளன்னு தொங்குச்சு. பயலுக எல்லாம் சிரிச்சானுக."

"எவ்வளவு வெட்டினது?"

கேட்டது என் குரல். திரைக்குள்ளிருந்து அத்தனை சத்தமாக வந்திருந்தது. நளீரா திரும்பி முறைத்தாள். கந்தப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

"நாலு வெரக்கடைங்கம்மா."

"யார்ட வெரல்?"

"பெரியாயி வெரலுங்க."

"மதினி, போதும்!" என்றாள் நளீரா.

போதவில்லை. என் நாலு விரலை வைத்துப் பார்த்தேன். எழுதிப் பழகிய மெல்லிய விரல்கள். பெரியாயி தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். ஒரு கோடு வித்தியாசம் வரலாம்.

"அவங்கள வரச் சொல்லு நளீரா. பொம்புள வரலாம்தானே?"

"ஞாயித்துக்கெழம அனுப்புறேங்க," என்றார் கந்தப்பன், நிலத்தைப் பார்த்தபடி.

அந்த ஐந்து நாளும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இரண்டு கைகளையும் வேண்டியதற்கு மேலாகவே பின்னி, கண்ணிகளைக் கம்பியிலேயே விட்டு வைத்தேன்.

பெரியாயி வந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு, கட்டிலோரம் தயங்கி உட்கார்ந்தாள். அளந்த நூலைச் சுவெட்டரின் வலது கையின் மேல் நீட்டிப் பிடித்தேன். அது முடிந்த இடத்தில் அவள் நாலு விரலைச் சேர்த்து வைத்தாள். கறை ஏறிய, வெடித்த விரல்கள். சுண்டு விரல் சாம்பல் கோட்டின் நடுவில் நின்றது.

"இம்புட்டுத்தாங்கம்மா."

அந்த இடத்தில் அடையாளத்துக்கு ஊசி குத்தினேன்.

"யாருக்குங்கம்மா இது?"

"மொதலாளிக்கு."

அவள் என் வெள்ளைச் சேலையைப் பார்த்தாள். பிறகு இடது கையையும் தன் பக்கம் இழுத்து, விரல்களைச் சேர்த்து வைத்தாள்.