செவ்வாய்க்கிழமை டி-ஷர்ட்

“அந்த புரோகிராம நிறுத்திடுறேன், அகல்யா. இன்னிக்கே...”

“கை வச்சுப் பாருங்க, செந்திலண்ணா. அப்புறம் இருக்கு.”

“இன்னிக்கே நிறுத்தலன்னா எனக்குப் பைத்தியம் புடிச்சுடும். நீ என்னடான்னா...”

“அண்ணன் விட்டுட்டுப் போனதுல இது ஒண்ணுதான் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. அதையும் அமுக்கிட்டு நிம்மதியாத் தூங்கப் போறீங்களா?”

“தூக்கமா? நான் தூங்கி எத்தன நாளாச்சுன்னு கேளு.”

டெல்லி முனிர்காவில் அந்த மாடி அறையின் நடுவே, டி-ஷர்ட்டில் படம் பதிக்கும் சூட்டு இயந்திரம் வாயைத் திறந்துகொண்டு நின்றது. அதற்கு இந்தப் பக்கம் செந்தில்குமார், அந்தப் பக்கம் அகல்யா. நடுவில் சூடு ஆறாத ஒரு கருப்பு டி-ஷர்ட். அதில் ஒரு சாப்பாட்டுத் தட்டு. கிட்டே போய்ப் பார்த்தால் தட்டு இல்லை. அடைப்புக்குறிகளும் பூஜ்யங்களும் ஒன்றுகளும்தான். கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி: 404, தேடியது கிடைக்கவில்லை.

அகல்யாவின் அண்ணன் கார்த்தியும் செந்தில்குமாரும் சேர்ந்து தொடங்கிய கடை அது. கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்களுக்கு மட்டும் புரிகிற வேடிக்கைகளை டி-ஷர்ட்டில் போட்டு இணையத்தில் விற்பார்கள். வாராவாரம் எவன் உட்கார்ந்து வரைவான் என்று அலுத்துப்போய், கார்த்தி ஒரு புரோகிராம் எழுதினான். செவ்வாய்க்கிழமைதோறும் அது, அவன் ஃபோனிலிருந்து இணையத்தில் சேர்ந்திருக்கும் போட்டோக்களில் புதிதாக ஒன்றிருந்தால் அதை, இல்லாவிட்டால் பழையதில் ஒன்றை எடுத்துக்கொள்ளும். அதை எழுத்துகளால் ஆன ஓவியமாக மாற்றும். அவன் எழுதி வைத்திருந்த வேடிக்கை வரிகளில் ஏதோ ஒன்றைச் சீட்டுக் குலுக்கியதுபோல எடுத்து அடியில் ஒட்டிக் கடையில் போட்டுவிடும். தெருவில் படுத்திருக்கும் மாட்டுக்கு அடியில் ‘இதுவரை பிழை எதுவும் இல்லை’ என்று வந்து நின்றபோது இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

போன ஜனவரியில், பனிமூட்டத்தில், ரிங் ரோடில் கார்த்தியின் பைக்கை ஒரு லாரி அடித்தது. அவன் போய்விட்டது புரோகிராமுக்குத் தெரியாது. செவ்வாய் வந்தால் படம் வந்தது.

“அண்ணன் ஃபோன்ல பழைய போட்டோ ஆயிரம் கெடக்கும். அதுல ஒண்ணு வந்திருக்கும்,” என்றாள் அகல்யா.

“அப்படித்தான் நானும் நெனச்சேன். தட்டுக்குப் பின்னாடி என்ன இருக்கு, பாரு.”

“ஃப்ரிட்ஜ்.”

“ரெண்டு கதவு ஃப்ரிட்ஜ். எப்ப வாங்குனீங்க?”

அகல்யா கணக்குப் பார்த்தாள். தீபாவளிக்கு வாங்கியது. இந்தத் தீபாவளிக்கு.

“நீங்கதான் ஏதோ விளையாடுறீங்க,” என்றாள், குரல் இறங்கிப்போய்.

“நான் உன் மேல சந்தேகப்பட்டேன். சாமி சத்தியமா. அந்த புரோகிராம் அவன் ஃபோனத் தவிர வேற எதுலேருந்தும் எடுக்காது, அகல்யா. அந்த ஃபோன் எங்க இருக்கு?”

“அம்மா பீரோல. செத்துக் கெடக்கு.”

செந்தில் லேப்டாப்பைப் பைக்குள் தள்ளினான். கீழே இறங்கி, அகல்யாவின் வீட்டுக்குப் போக ஆட்டோவை மறித்து, “லக்ஷ்மிபாய் நகர், பையா, ஜல்தி,” என்று இந்தியில் அவசரப்படுத்தினான். வழி நெடுக அகல்யாவுக்கு ஒரே நினைப்பு. பீரோவைத் திறக்கும்போது ஃபோன் தானாக ஒளிர்ந்துகொண்டிருந்தால்?

பீரோவைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. சமையலறையில், மிக்சிக்குப் பக்கத்தில், கண்ணாடி விரிசல் விட்ட அந்த ஃபோன் சார்ஜில் இருந்தது.

“ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க. சண்டையா?” என்றாள் அம்மா அம்சவேணி, வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “செந்திலு, எளச்சுப் போயிட்டப்பா. சாப்புடுறியா?”

“அம்மா, அண்ணன் ஃபோன யாரு எடுத்தது?”

“நான்தான்.”

“அதோட பூட்ட எப்படித் தெறந்த?”

“தெனமும் சோத்தப் போட்டுட்டுப் பக்கத்துலயே நிப்பேன். அவன் வெரல் போற போக்கு எனக்குத் தெரியாதா?”

“என்னத்துக்கும்மா?”

அம்சவேணி கத்தியைக் கீழே வைத்தாள். இதென்ன கேள்வி என்பதுபோல மகளைப் பார்த்தாள்.

“நீதானடி காட்டுன. பாரும்மா, அண்ணன் இந்த வாரம் இத வரஞ்சிருக்கான்னு.”

காட்டியவள் அகல்யாதான். அண்ணன் போனதிலிருந்து அம்மாவின் முகம் செவ்வாய்க்கிழமை மட்டும் கொஞ்சம் தெளியும். அதற்காகவே காட்டினாள். அடியில் இருக்கிற ஆங்கில வரியையும் தமிழில் சொல்லுவாள்.

“வரஞ்சதெல்லாம் ரோடும் மாடும் கரண்டு கம்பியுமா இருந்துச்சு. வீடு மறந்து போயிருமோன்னு பயந்தேன். துணிக்கொடியப் படம் புடிச்சேன். அடுத்த செவ்வா அதையே வரஞ்சு அனுப்பிட்டான்ல?”

“ஆன்ட்டி, அது வந்து...”

“இரு செந்திலு. குக்கரப் படம் புடிச்சு, பழசாயிருச்சு, மாத்திரவான்னு கேட்டேன். என்ன சொன்னான்? நீதானடி படிச்ச.”

அகல்யாவுக்கு நினைவிருந்தது. அந்த வாரம் வந்த வரி: ‘என் கம்ப்யூட்டரில் நன்றாகத்தானே ஓடுகிறது’. அம்மாவுக்குச் சுருக்கி, எங்கிட்ட நல்லாத்தான ஓடுதுங்கறான் என்று சொல்லியிருந்தாள்.

“அதான் மாத்தல,” என்றாள் அம்சவேணி. “அப்பா மேல கோவமாடான்னு கேட்டு, அவரு சட்டையப் படம் புடிச்சேன். ‘மறுபடி முயற்சி பண்ணவும்’ன்னான். உங்கப்பாகிட்ட இன்னும் சொல்லல. இந்த வாரம் தட்டு வச்சேன், அவனுக்குப் புடிச்ச புளியோதர. நேத்து நீ வாசிச்ச, தேடுனது கெடைக்கலன்னு. வெளிச்சம் பத்தலையோ என்னமோ. அவன் இருக்கிற எடத்துலேருந்து தட்டு தெரியல.”

செந்தில்குமார் லேப்டாப்பை மடியில் வைத்து, தலையைக் குனிந்துகொண்டிருந்தான். கண்ணைத் துடைத்தானோ என்னவோ. வெங்காய நெடியும் இருந்தது.

“அம்மா,” என்றாள் அகல்யா. “அது பதில் இல்லம்மா. அண்ணன் முன்னாடியே எழுதி வச்சதுல ஏதோ ஒண்ணு வரும். எது வரும்னு யாருக்குமே தெரியாது.”

“அவன் எழுதுனதுதான?”

“அவன் எழுதுனதுதான். ஆனா...”

“பெறகென்ன.”

அகல்யா ஃபோனை எடுத்தாள். விரிசலுக்கு அடியில் கடைசிப் படம் தெரிந்தது. அம்மாவே. பட்டுப்புடவை, தலையில் பூ, நெற்றி நிறையக் குங்குமம். பயணத்துக்குக் கிளம்பினவள்போல, கூடத்து நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கட்டி வைத்த ஒரு பை.

கார்த்தியின் வரிகள் எல்லாம் அகல்யாவுக்குத் தெரியும். ‘காத்திருக்கவும்’ என்று ஒன்று உண்டு. ‘அனுமதி இல்லை’ என்று ஒன்று உண்டு. ‘வெளியேற ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தவும்’ என்றும் ஒன்று உண்டு. அதற்குத்தான் அன்று அதிகம் சிரித்தார்கள். எந்தச் செவ்வாய்க்கும் எது வேண்டுமானாலும் வரும்.

“நிறுத்துங்க, செந்திலண்ணா,” என்றாள். “இப்பவே.”

லேப்டாப் திறந்தது. நிறுத்தலாமா என்று அது கேட்டது. செந்திலின் விரல் பொத்தானுக்கு மேலே நின்றது.

அம்சவேணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அந்த விரலை மெல்லப் பிடித்தாள்.

“செவ்வாக்கெழம வரைக்கும் பொறுத்துக்க, செந்திலு. நீ வர்றியா, நான் வரட்டுமான்னு கேட்டிருக்கேன்.”