குருவி பெற்ற கிடாரி

மலாக்காவின் காஜா பேராங் ரோட்டில் காலையிலிருந்தே லாரிகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போயின. எல்லாம் பண்டார் ஹிலிர் திடலுக்கு. சுதந்திரத் தேதியை இன்றைக்குச் சொல்லிவிடுவார்களாம். லாரிக்காரர்கள் போட்ட கூச்சல் மாட்டுக் கொட்டகை வரைக்கும் வந்தது. சந்திரமதிக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. சாணித் தரையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் சுவரில் உதைத்துக்கொண்டு, கிடக்கும் மாட்டுக்குத் தன் முதுகால் முட்டுக் கொடுத்திருந்தாள். மாடு பக்கவாட்டில் சாய்ந்தால் வயிறு ஊதிவிடும். அப்புறம் மாட்டு வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன.

குருவி என்று பெயர்தானே ஒழிய, கொட்டகையிலேயே பெரிய மாடு அதுதான். நேற்றுச் சாயங்காலம் கன்று போட்டது. காலையில் கறந்து முடித்தபோதுகூட நன்றாகத்தான் நின்றது. வெயில் ஏறியதும் பின்னங்கால் தள்ளாடியது, படுத்தது, எழுந்திருக்கவே இல்லை. தலையை விலாப்பக்கம் மடித்துப் போட்டுக்கொண்டு கிடந்தது. காதைத் தொட்டால் சில்லென்றிருந்தது. மூக்கு வறண்டு போயிருந்தது.

பக்கத்துக் குடியிருப்பான செட்டி கம்போங்கிலிருந்து மீனாச்சி ஓடிவந்தாள். அவளுக்குத் தமிழ் புரியும்; பேச வருவது நாலு வார்த்தை, மற்றதெல்லாம் மலாய். இரண்டு உமி மூட்டையை இழுத்துவந்து மாட்டின் வயிற்றோரம் அண்டக் கொடுத்தாள். இடுப்பில் ஒரு போத்தல் இஞ்சிக் கஷாயம் வைத்திருந்தாள்.

"அது வேணாம்க்கா. இப்ப இவளால முழுங்க முடியாது. நெஞ்சுக்குள்ள எறங்கிடும். சுடுதண்ணி மட்டும் போட்டு வைங்க, டிரஸ்ஸர் கேப்பாரு" என்றாள் சந்திரமதி.

மீனாச்சி மாட்டின் நெற்றியைத் தடவி, "காசியான்" என்று பாவப்பட்டுவிட்டு அடுப்பு மூட்டப் போனாள்.

மூலையில் செவலைக் கன்று படுத்திருந்தது. கிடாரி. சந்திரமதி நொடிக்கொரு தரம் அதைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். அது அவளுடைய கன்று. குருவியே கன்றாக இருந்தபோது கழிச்சல் கண்டு, கண் குழிவிழுந்து, தோலைக் கிள்ளினால் கிள்ளின இடம் அப்படியே நிற்க, செத்துப்போகக் கிடந்தது. "தூக்கிக் கொண்டுபோய்ப் போடு" என்றார் முதலாளி கலியாணசுந்தரம். சந்திரமதி போடவில்லை. கஞ்சியை வடித்து, உப்பும் சீனியும் கலந்து, விரலை அதன் வாய்க்குள் விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினாள். கழியக் கழியக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். குருவிக் குஞ்சு கணக்காக இருந்தது எழுந்து நின்றதும் முதலாளிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "இது போடற மொதக் கிடாரி உனக்கு, எடுத்துக்க" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அடுத்தடுத்து இரண்டும் காளையாகப் போயிற்று. இதுதான் முதல் கிடாரி.

தேடிப் போயிருந்த அவள் புருஷன் மருதமுத்து ஒருவழியாக டிரஸ்ஸர் தம்பிராஜாவைத் திடல் கூட்டத்திலிருந்து கண்டுபிடித்து, சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைச் சட்டையில் காகிதக் கொடி குத்தியிருந்தார். அதைக் கழற்றிப் பையில் பத்திரப்படுத்திவிட்டுத்தான் மாட்டின் பக்கத்தில் மண்டியிட்டார்.

"விடியக்காலமை எவ்வளவு கறந்தனீங்கள்?"

மருதமுத்து தலையைச் சொறிந்தான். "வத்தக் கறந்துட்டேன் ஐயா. முதலாளி வீட்டுக்கு விருந்தாளிங்க வர்றாங்க, சீம்பால் வேணும்னு பெரிய வீட்டுலேருந்து அண்டா வந்திச்சு."

"அதுதான் பிழை. மாட்டின்ர ரத்தத்தில இருந்த சுண்ணாம்புச் சத்தெல்லாம் அந்த அண்டாவுக்குள்ள போயிட்டுது. கன்றுக்குக் குடுத்தனீங்களோ?"

"பொறந்த கையோட குடுத்துட்டேன் ஐயா. அண்டா வர்றதுக்கு முன்னாடியே" என்றாள் சந்திரமதி.

"நல்ல காரியம் செய்தனீங்கள்."

கால்சியப் போத்தலை மீனாச்சியின் சுடுதண்ணீரில் வைத்து வெதுவெதுப்பாக்கினார். கழுத்து நரம்பில் ஊசியை ஏற்றிவிட்டு, போத்தலைச் சந்திரமதியின் கையில் கொடுத்தார். தன் உள்ளங்கையை மாட்டின் நெஞ்சில் வைத்துக்கொண்டார். "கொஞ்சம் உயத்துங்கோ... போதும். இதயம் தாறுமாறா அடிக்குது, இறக்குங்கோ. மெல்ல, மெல்ல." அவள் கை வலித்தது. அவர் சொன்ன உயரத்துக்கு மேலும் போகவில்லை, கீழும் போகவில்லை.

போத்தல் பாதி இறங்குவதற்குள் குருவியின் தோல் சிலிர்த்தது. தொடை நடுங்கியது. பெரிய ஏப்பம் ஒன்று விட்டது. வறண்ட மூக்கில் பொட்டுப் பொட்டாக ஈரம் துளிர்த்தது. அப்புறம் சாணி போட்டது. சந்திரமதி வாய்விட்டுச் சிரித்தாள். சாணியைப் பார்த்து அவளைப்போல் சந்தோஷப்பட்டவர் அன்றைக்கு மலாக்காவில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

போத்தல் காலியாகிச் சிறிது நேரத்தில் குருவி பின்னங்காலை ஊன்றியது. சறுக்கியது. மறுபடியும் ஊன்றி எழுந்து நின்றது. சந்திரமதி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "நான் வளத்த மாடு. அவ்வளவு லேசுல போயிடுவாளா?"

"இன்னும் நாலைஞ்சு நாளைக்கு வத்தக் கறக்கப்படாது. மடியில பாதியை விடவேணும். மறந்தால் மாடு திரும்பவும் விழுந்துபோடும்" என்றார் டிரஸ்ஸர்.

முதலாளியின் கார் வந்து நின்றது. கலியாணசுந்தரம் கையில் கொடியோடு இறங்கினார். முகமெல்லாம் சிரிப்பு. "தேதி சொல்லிட்டாங்கய்யா. அடுத்த வருஷம் ஆகஸ்டு கடைசி. இனிமே நம்ம நாடு." அப்புறம்தான் கொட்டகைக்குள் இவ்வளவு பேர் நிற்பதைக் கவனித்தார்.

டிரஸ்ஸர் விவரம் சொன்னார். "உங்கட மாட்டைக் காப்பாற்றினது இந்தப் பிள்ளைதான். சாய விட்டிருந்தால் நான் வந்தும் பிரயோசனமில்லை."

"சந்திரமதியைப் பத்தி எனக்குத் தெரியாதா? கெட்டிக்காரியாச்சே."

இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "முதலாளி, கிடாரி போட்டிருக்கு."

"சொன்னா சொன்னதுதான். கன்னு உன்னோடது."

மருதமுத்து அந்த இடத்திலேயே கும்பிட்டான். சந்திரமதி கும்பிடவில்லை. கன்றிடம் போய் அதன் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் பிறந்ததிலிருந்து தனக்கென்று வைத்திருந்த முதல் உயிருள்ள சொத்து அது.

"ஆனா ஒண்ணு" என்றார் முதலாளி. கோபமெல்லாம் இல்லை, அதே சிரிப்போடுதான் சொன்னார். "கன்னு உன்னோடது, மாடு என்னோடது. என் மாட்டுப் பாலை அடுத்தவங்க கன்னுக்கு விட முடியுமா? நீயே நியாயத்தைச் சொல்லு. வேணும்னா எல்லாரையும் மாதிரி வாங்கிக் குடு. சம்பளத்துல கழிச்சுக்கலாம்."

"கன்று தாய்ப்பால் இல்லாமல்..." என்று டிரஸ்ஸர் ஆரம்பித்தார்.

"அது எங்களுக்குள்ள பேசிக்கிறது ஐயா. வாங்க, வீட்டுல சீம்பால் பலகாரம் இருக்கு, சாப்பிட்டுப் போகலாம்."

டிரஸ்ஸர் பையை மூடினார். சாப்பிடப் போகவில்லை. சைக்கிளில் கொண்டுபோய் விடு என்று மருதமுத்துவிடம் சைகை காட்டினார்.

சந்திரமதி நிமிர்ந்துதான் நின்றாள். "சரிங்க முதலாளி. இவ அம்மாவக் கஞ்சித் தண்ணியில பொழைக்க வச்சவ நான். இவளையும் வளத்துக் காட்டுறேன்."

சாயங்காலம் கறவைக்கு அவளே உட்கார்ந்தாள். கன்றைக் கொஞ்சம் தள்ளித் தூணில் கட்டியிருந்தது. டிரஸ்ஸர் சொன்னபடி பாதியோடு நிறுத்திக்கொண்டாள். கறந்த பால் பெரிய வீட்டுக்குப் போயிற்று.

மருதமுத்து குரலைத் தாழ்த்தினான். "மடியில பாதி கெடக்குதே. அவுத்து விட்டா யாரு பாக்கப் போறா?"

"திருட்டுப் பால் குடிச்சு என் மாடு வளர வேணாம். காலையில காசுக்கே வாங்குவோம். அண்டாவுல ஊத்தறதுக்கு முன்னாடி இவளுக்கு அளந்து ஊத்தட்டும்."

உப்பும் சீனியும் போட்ட கஞ்சித் தண்ணீரைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு கன்றின் முன்னால் உட்கார்ந்தாள். விரலை நனைத்து வாயில் வைத்தாள். "குடிடி. நீ என் மாடு." கன்று இரண்டு மூன்று முறை சப்பிப் பார்த்துவிட்டு, கயிற்றை முறுக்கித் தாயின் பக்கம் எட்டி, ம்மா என்று கத்தியது.

கன்றின் சத்தம் கேட்டதும் குருவிக்கு மடி சுரந்துவிட்டது. நாலு காம்பிலும் பால் கட்டி, தானாகவே ஒழுகத் தொடங்கியது. கயிறு ஒரு சாண் எட்டவில்லை. சந்திரமதி கன்றின் வாயில் விரலை வைத்தபடி, மஞ்சள் மஞ்சளாகச் சாணித் தரையில் விழுந்து ஊறிக்கொண்டிருந்த பாலைப் பார்த்தாள்.