அகிலா பார்த்தால் தொண்ணூறு

அகிலா குனிந்து பார்த்தால் திசைகாட்டி தொண்ணூறு டிகிரி காட்டுகிறது. படகோட்டி ரங்கையா பார்த்தால் எண்பத்திரண்டு. இது என்ன கூத்து!

ஸ்ரீ சிட்டியில் செய்த புதுப் பாய்மரப் படகு. பழவேற்காடு ஏரியில் அதை எட்டுத் திசைக்கும் திருப்பி, திசைகாட்டி எவ்வளவு பிசகுகிறது என்று பார்த்து, காந்தத் திருகுகளைத் திருகிச் சரிசெய்து, அட்டையில் கையெழுத்துப் போடுவது நகரியிலிருந்து வந்த அகிலாவின் வேலை. நேற்றே போட்டுவிட்டாள். இந்தப் படகு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் வேலை நிரந்தரம் என்று மேனேஜர் சுரேஷ்பாபு சொல்லியிருந்தார். இன்று, படகை வாங்கியவர் வந்து காத்திருக்கும் நேரத்திலா ரங்கையா தலையை நீட்டிப் பார்க்க வேண்டும்?

படகு அக்கரைத் தண்ணீர்த் தொட்டிக்கு நேராகக் கட்டிக் கிடந்தது. தொட்டி இருப்பது சரியாகத் தொண்ணூறில்.

"கண்ணு தெரியலியா அண்ணா? தொண்ணூறு கீது பாருங்க."

"நீ பாக்கசொல்லோ கீது. நான் வந்தா ஓடிப்போது. நான் இன்னாம்மா பண்றது?"

பக்கத்தில் இரும்போ காந்தமோ இருந்தால் திசைகாட்டி பிசகும். தன் போனைத் தூரப் போட்டாள். ரங்கையாவின் பெல்ட்டையும் சாவியையும் பிடுங்கிக் கரையில் வைத்தாள். ஒன்றும் மாறவில்லை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசியில் மெல்லக் குனிந்தாள். எண் தட்டு நகர்ந்தது. நிமிர்ந்தாள், பழைய இடத்துக்குப் போனது. ஐயோ! தாலிச் சரட்டில் ஐந்து ஊக்குகள்! அவசரத்துக்கு ஆகுமே என்று எந்தப் பெண்தான் மாட்டிக்கொள்வதில்லை? நேற்று முழுக்க ஊக்குக்கல்லவா திருகைத் திருப்பியிருக்கிறாள்!

"ஆச்சாம்மா? மேடம் காத்துக்கினு கீறாங்க" என்று சுரேஷ்பாபு வந்தார். பின்னாலேயே படகு வாங்கிய ரேஷ்மாவும் வந்தாள்.

திருகு லூசாகிவிட்டது என்று ஒரு பொய் சொன்னால் முடிந்தது. யார் கேட்கப் போகிறார்கள்? அகிலா நேற்று கையெழுத்துப் போட்டு ஒட்டியிருந்த அட்டையைப் பிய்த்தாள்.

"என் தப்பு சார். தாலியில ஊக்கு மாட்டிக்கினே பாத்துட்டேன். எல்லாம் மறுபடி பாக்கணும்."

ரங்கையா சிரித்துவிட்டார். சுரேஷ்பாபுவின் முகம் கறுத்தது.

"மேடம் எதிர்லியே மானத்த வாங்கிட்டியே! பர்மனென்ட்டு கிர்மனென்ட்டுன்னு இனிமே எங்கிட்ட வராத."

ரேஷ்மா தன் துப்பட்டாவைத் தடவிப் பார்த்தாள். தோளில் இரண்டு, கழுத்தோரம் இரண்டு. நாலு ஊக்கையும் கழற்றி ரங்கையாவின் கையில் வைத்தாள்.

"நான் இதோடதான சார் கடலுக்குப் போயிருப்பேன்? இவங்களே பாக்கட்டும். நான் இருக்கேன்."

சுரேஷ்பாபு நகர்ந்து வழிவிட்டார். அகிலா தன் ஐந்து ஊக்குகளையும் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு, முதல் திருகில் கை வைத்தாள்.