ஞானஸ்நானம் பெற்ற குதிரை

கடற்கரையில் எங்கள் வாடிக் கொட்டிலில் ஒரு சட்டம் இருந்தது. கிழிந்த வலை பொத்தும்போது யாருடைய ஊசியில் நூல் தீர்கிறதோ, அவர் புது நூல் சுற்றி முடிப்பதற்குள் மற்றவர்களுக்குத் தெரியாத ஒரு புதினம், ஒரு புதுச் சங்கதி சொல்ல வேண்டும். கேட்பவர்களில் ஒருவருக்காவது அது முன்பே தெரிந்திருந்தால், சொன்னவர் எழும்பிப் போய் எல்லோருக்கும் தேத்தண்ணி வைக்க வேண்டும். ஈர விறகில் அடுப்பு மூட்டுவதைவிடப் புதினம் தேடுவது சுகம் என்று எல்லோரும் கஷ்டப்பட்டுத் தேடினோம்.

சட்டம் போட்டவர் செபநாயகம். பட்டணத்துத் தியேட்டர் ஒன்றில் படம் ஓட்டியவர். கரண்ட் போய்த் தியேட்டரும் மூடின பிறகு குருநகருக்கே திரும்பி வந்து வலையில் குந்திவிட்டார். தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, சண்டைக் காலம் அது. கடலுக்குப் போகத் தடை. களவாகப் போனவர்கள் கொண்டுவந்த கிழிந்த வலைகளைப் பொத்துவதுதான் எங்கள் சீவியம். ஆர் செத்தது, எங்கே குண்டு விழுந்தது என்று கதைத்துக் கதைத்து அலுத்துப்போய்விட்டது. ஒருநாள் செபநாயகம் சொன்னார்.

"இனி இந்த வாடிக்குள்ளை செத்தவீட்டுக் கதை வேண்டாம். உலகத்துப் புதினம் கதைப்பம்."

வலைக்கும் வாடிக்கும் சொந்தக்காரர் கிறிஸ்துநாயகம். என் புருஷன் லியோனின் தமையன். நான் அவரை அத்தான் என்று கூப்பிடுவேன். கூப்பிட்டேன் என்று சொல்ல வேண்டும். ஒரு வருஷமாக அவரோடு எனக்குப் பேச்சு இல்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். முந்திய வருஷம் மடுமாதா திருநாள் முடிந்த கிழமை லியோன் இறாலுக்குப் போனார். மறுநாள் தோணி மட்டும் குப்புறக் கிடந்தபடி கரைக்கு வந்தது. ஆளைக் காணவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை. கார்த்திகை இரண்டாம் திகதி, நவம்பரில், செத்தவர்களுக்காக மன்றாடும் ஆத்துமாக்கள் நாள். அன்றைக்கு ஊர்ச்சனம் எல்லாம் கல்லறைகள் இருக்கும் சேமக்காலைக்குப் போவோம். குடும்பத்தார் தங்கள் ஆட்களின் பெயரைக் கொடுக்க, கோயில் உபதேசியார் உரக்கச் சொல்லுவார், சனம் அந்த ஆத்துமாக்களின் இளைப்பாற்றிக்கு மன்றாடும். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கிறிஸ்துநாயகம் தன் தம்பியின் பெயரைக் கொடுத்துவிட்டார். இன்னாருடைய மகன் லியோன் என்று உபதேசியார் சொன்னதும், நான் கொளுத்தாத மெழுகுதிரியோடு வீட்டுக்கு நடந்துவிட்டேன்.

லியோன் உயிரோடு இருக்கிறார் என்று நான் நம்பினேனா? நம்பினேன் என்றால் பொய். நம்பவில்லை என்றாலும் பொய். பல்லுப் பிடுங்கப் போட்ட ஊசியின் விறைப்புப் போலத்தான் இருந்தது, ஆனால் ஒரு வருஷமாக விடவில்லை. செத்தவர் என்று இன்னொருவர் சொல்ல நான் தலையாட்டுவதில்லை என்பது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

ஒரே வலையில் ஒரு தொங்கலில் அவர், மறு தொங்கலில் நான். சோறும் அந்த வலையில்தான். முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? செபநாயகத்தின் சட்டம் வசதியாகப் போயிற்று. புதினம் எல்லோருக்கும் பொது. கூரையைப் பார்த்துச் சொல்லலாம்.

"தமிழிலை முதல் அச்சடிச்ச புத்தகம் லிஸ்பனிலை அடிச்சது. அதுக்குள்ளை ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. முழுக்க வெள்ளைக்காரன்ரை எழுத்து" என்று நான் கூரைக்குச் சொல்லுவேன்.

"யாழ்ப்பாணத்திலை வருசம் முழுக்க ஓடுற ஒரு ஆறும் இல்லை. தொண்டைமானாறு எண்டு பேர்தான், ஓடுறது கடல்தண்ணி" என்று அவர் வலைக்குச் சொல்லுவார்.

இரண்டு பேருக்கும் நடுவில் இருந்து செபநாயகம் சினிமாவால் நிரப்புவார். முதல் தமிழ்ப் பேசும்படத்தில் கதாநாயகன் தெலுங்கில் கேட்பாராம், கதாநாயகி தமிழில் பதில் சொல்லுவாவாம், சனம் காசு கொடுத்துப் பார்த்துச் சந்தோஷமாக வீட்டுக்குப் போனதாம். உங்கள் இரண்டு பேரையும்விட அவை பரவாயில்லை என்றும் ஒரு குத்துக் குத்துவார். நாங்கள் இரண்டு பேரும் காது கேளாதவர்கள்போல நூல் இழுப்போம்.

அந்த வருஷத்து ஆத்துமாக்கள் நாளுக்கு முதல்நாள் மத்தியானம் கிறிஸ்துநாயகம் வாயைத் திறந்தார். எனக்கு அல்ல, செபநாயகத்துக்கு.

"நாளைக்கும் தம்பியின்ரை பேர் குடுக்கப்போறன். இந்த முறையாவது வந்து நிக்கட்டாம் எண்டு சொல்லும்."

"உயிரோடை இருக்கிற மனிசருக்கு ஆரும் மெழுகுதிரி கொளுத்துறேல்லையாம் எண்டு சொல்லுங்கோ" என்றேன் நான், அதே செபநாயகத்துக்கு.

"நான் தபாற்காரன் இல்லை" என்றார் அவர்.

அந்த நேரத்தில்தான் ஒரு புது ஆள் சைக்கிளை வாடிக்கு வெளியே சாத்திவிட்டு உள்ளே வந்தார். பெயர் நடராசா, ஊர் தொண்டைமானாறு. பழைய நைலோன் வலைத்துண்டு இருந்தால் வாங்கலாம் என்று வந்தவர். முப்பது வயது இருக்கும். காது மடல் ஒன்று சரியாக இல்லை. கடலில் கடற்படையிடம் பிடிபட்டு, தெற்கில் ஒரு முகாமில் இருந்துவிட்டு ஆவணியில் வந்ததாகத் தானே சொன்னார். நாங்கள் மேற்கொண்டு கேட்கவில்லை. அப்படி வந்தவர்களை அந்த நாளில் ஒருவரும் கேள்வி கேட்பதில்லை.

கிறிஸ்துநாயகம் வலைத்துண்டு எடுக்க உள்ளே போக, செபநாயகம் வந்தவரை இருத்திச் சட்டத்தை விளங்கப்படுத்தினார்.

"தம்பியும் ஒண்டு சொல்லவேணும். சும்மா இருந்து தேத்தண்ணி குடிக்கேலாது. இவை உங்கடை ஆற்றை ஆறில்லை எண்டுகினம்."

"ஓம் அண்ணை, உப்புத்தண்ணிதான். அதுக்கு நான் வழக்குப் பேச வரேல்லை" என்று நடராசா சிரித்தார். "எனக்கும் ஒண்டு தெரியும். நெடுந்தீவிலை குதிரையள் நிக்குதெல்லோ. ஒல்லாந்தர் காலத்திலை அதிலை ஒரு குதிரைக்கு ஞானஸ்நானம் குடுத்தவங்கள். துரையின்ரை பெஞ்சாதி ஞானத்தாயாய் நிண்டவவாம். குதிரைக்கு வைச்ச பேர் மக்டலீனா."

செபநாயகம் விழுந்து விழுந்து சிரித்தார். என்னைக் கையால் காட்டி, "இஞ்சையும் ஒண்டு நிக்குது, அதுக்கும் பேர் மக்டலீன்தான்" என்றார்.

நான் சிரிக்கவில்லை. அந்தக் கதை எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது முழுப் பொய். அந்தப் பொய்யைச் சொன்னவள் நான்.

லியோன் கடைசியாகக் கடலுக்குப் போன பின்னேரம், சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த என்னை, நெடுந்தீவுக் குதிரைபோல உன்னையும் ஒருத்தராலும் கட்டேலாது என்று பகிடி பண்ணினார். எனக்கு எரிச்சல். ஓம், அதிலை ஒன்றுக்கு மக்டலீனா என்றுதான் பேர், ஞானஸ்நானம் கொடுத்து வைத்தது, சுவாமி பிரசங்கத்தில் சொன்னவர் என்று வாய்க்கு வந்தபடி அள்ளிவிட்டேன். அந்த மனிசர் வாசலில் நின்று வாயைப் பிளந்தார். உண்மையே என்று இரண்டு முறை கேட்டார். பிறகு துடுப்பைத் தூக்கிக்கொண்டு நேரே கரைக்குப் போனார். அன்று அவரோடு ஒருவரும் போகவில்லை. ஊரில் அந்தக் கதையைக் கேட்டவர் ஒருவரும் இல்லை.

"உந்தக் கதையை உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டேன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"முகாமுக்குள்ளை ஒராள் அக்கா. எனக்கும் அந்தாளுக்கும் நடுவிலை பலகை. முகம் பாத்ததில்லை. சாப்பாடு தந்திட்டு அவங்கள் போனதும், நாளுக்கொரு புதினம் சொல்லுவார். காரைதீவுக்கு ஒல்லாந்தன் வைச்ச பேர் அம்ஸ்ரடாம், கதிரை, அலுமாரி எண்ட சொல்லுகள் போத்துக்கீசன் தந்தது, கந்தோர் ஒல்லாந்தன் தந்தது, இப்பிடி. அது இல்லாட்டி எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கும்."

"பேர் என்ன?"

"பேர் சொல்லமாட்டார். உனக்குத் தெரிஞ்சா உன்னை அடிச்சுக் கேப்பாங்கள் எண்டுவார். ஊரும் சொல்லேல்லை." நடராசா என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. "குதிரைக் கதையை மட்டும் திருப்பித் திருப்பிச் சொன்னவர். இது பொய்தான், என்ரை மனிசி என்னைப் பேய்க்காட்டினது, ஆனா வெளியிலை போனா நீ போற இடமெல்லாம் சொல்லு எண்டார். நானும் சந்நிதிக் கோயிலிலை சொன்னன், சங்கக்கடையிலை சொன்னன். எல்லாரும் சிரிக்கினம்."

பொய் என்று லியோனுக்குத் தெரிந்திருக்கிறது. வாசலில் நின்று வாயைப் பிளந்தது எனக்காகத்தான். அது விளங்கினபோது எனக்கு அவர்மேல் பொல்லாத கோபம் வந்தது. ஒரு வருஷத்துக்குப் பிறகு உடம்புக்குள் வந்த முதல் உணர்ச்சி அதுதான். ஓடிப்போய் அந்த மனிசரின் முதுகில் இரண்டு குத்துக் குத்த வேண்டும்போல இருந்தது.

"எப்ப வரைக்கும் சொன்னவர்?" என்று கேட்டது கிறிஸ்துநாயகம். வலைத்துண்டைப் பிடித்தபடி உள்வாசலில் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

"சித்திரை வருசப்பிறப்பு வரைக்கும். மாசியிலையே காய்ச்சல் துவங்கிட்டுது. குரல் வரவரக் குறைஞ்சுது. வருசப்பிறப்பண்டு நான் கூப்பிட மறுமொழி இல்லை. விடிய வந்து ஒராளைச் சாக்குத்துணியாலை மூடித் தூக்கிக்கொண்டு போனவங்கள். பலகைக்குக் கீழாலை கால் மட்டும் தெரிஞ்சுது." நடராசா தலையைக் குனிந்துகொண்டார். "ஆரெண்டு தெரியாமல் சொல்லிப்போட்டன். கோவிக்காதேங்கோ."

"வலது கால் பெருவிரலிலை நகம் இருந்ததோ?" என்றேன்.

அவர் யோசித்தார். "இல்லை. கறுப்பாய், மொட்டையாய் இருந்தது."

நங்கூரம் விழுந்து போன நகம். மருந்து கட்டினதும் நான்தான்.

செபநாயகம் எழும்பிப் போய் ஒருவரும் சொல்லாமலே அடுப்பை ஊதத் தொடங்கினார். நான் அழவில்லை. கோபமும் வந்த வேகத்தில் போய்விட்டது. கையிலிருந்த கண்ணியைக் கட்டி முடித்தேன், அடுத்ததையும் கட்டினேன். கிறிஸ்துநாயகம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். உதடு அசைந்தது. கார்த்திகை, மார்கழி, தை என்று மாதங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் பின்னேரம் சேமக்காலைக்கு நானாகவே போனேன். மழை துமித்துக்கொண்டிருந்தது. சனம் குடைகளுக்குக் கீழே மெழுகுதிரியை மறைத்துக்கொண்டு நின்றது. கிறிஸ்துநாயகம் மதிலோரம் ஒதுங்கி நின்றார். கையில் மெழுகுதிரி இல்லை. உபதேசியார் ஒவ்வொரு குடும்பமாகப் பெயர் கேட்டுச் சொல்லிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார். அத்தான் பேர் கொடுக்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். உபதேசியார் எங்களைக் கடந்து போகப் பார்த்தார்.

"அத்தான், பேரைக் குடுங்கோ" என்றேன்.

ஒரு வருஷத்துக்குப் பிறகு நேரே கூப்பிட்டது. அவர் திடுக்கிட்டார்.

"நான் குடுக்கமாட்டன், பிள்ளை."

"ஏன்?"

"கால் நகம் இல்லாத ஆக்கள் எங்கடை கரையிலை எத்தினை பேர். அந்தப் பெடியன் முகத்தைப் பாக்கேல்லை. காய்ச்சல்காரனை ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போயிருப்பாங்கள்."

"ஆசுப்பத்திரிக்குச் சாக்காலை மூடிக் கொண்டுபோறேல்லை அத்தான்."

"குளிருக்கு மூடியிருப்பாங்கள்."

நேற்று மத்தியானம் வரைக்கும் நான் பேசிய நியாயத்தை இன்று அவர் பேசினார். அவர் பேசியதை நான் பேச வேண்டியிருந்தது. மனிசருக்குக் கண் சிவந்திருந்தது. தன் தம்பிக்குத் தானே சாவு சொல்லிவைத்தேன் என்று இரவு முழுக்க அழுததாக அவருடைய மனைவி மரியநாயகி காலையில் என்னிடம் சொல்லியிருந்தார்.

"நீங்கள் பேர் குடுத்ததாலை அவர் சாகேல்லை" என்றேன். "காய்ச்சலிலைதான் செத்தவர். உங்களிலை எனக்கு இப்ப கோவம் இல்லை." அது உண்மை. கோபப்பட எனக்குள் ஒன்றும் மிச்சம் இல்லை.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். குளிர்ந்த கை.

"போன முறை நான் குடுக்கேக்கை அவன் உயிரோடை இருந்தவன், பிள்ளை. எல்லாருமாய் நிண்டு இளைப்பாற்றி கேக்கேக்கை அவன் அங்கை இருந்து கதை சொல்லிக்கொண்டு இருந்தவன். எனக்கு அப்பவும் நல்ல நிச்சயம்தான். இப்ப நீ குடுக்கேக்கையும் அவன் உயிரோடை இருந்தால்?"

உபதேசியார் மழையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஆரின்ரை பேர், மகள்?" என்று கேட்டார்.

நான் சொன்னேன்.